ஒரு நாவலை அலசுவது எப்படி? டிக்கன்ஸின் 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' வழியாக ஒரு செய்முறை

ஆங்கில இலக்கியம் படிக்கத் தொடங்குகிறவர்களிடம் "இந்த நாவலின் கருப்பொருள் என்ன?" என்று கேட்டால் பெரும்பாலும் ஒற்றைச் சொல்லில் பதில் வரும். காதல், பேராசை, வர்க்கம், குற்ற உணர்வு. நோட்ஸ் புத்தகங்களும் அப்படித்தான் பட்டியல் போடுகின்றன. அந்தச் சொற்களில் தவறில்லை, ஆனால் அவற்றை நூறு நாவல்கள் மேல் ஒட்டிவிடலாம். கையில் இருக்கும் இந்த நாவல் வர்க்கத்தைப் பற்றி என்னதான் நினைக்கிறது? அதைச் சொல்லத் தெரிந்தால்தான் அலசல் தொடங்கியது என்று அர்த்தம்.

சார்லஸ் டிக்கன்ஸ் எழுதிய 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' நாவலை எடுத்துக்கொண்டு அதை எப்படிச் செய்வது என்று காட்டுகிறேன். கதையின் முடிவு வரை பேசுவேன். முடிவு தெரியாமல் படிக்க விரும்புகிறவர்கள் நாவலை முடித்துவிட்டு வாருங்கள்.

மற்றவர்களுக்காகக் கதைச் சுருக்கம். கென்ட் பகுதியின் சதுப்பு நிலத்தில் வளரும் அநாதைச் சிறுவன் பிப். அவனை வளர்ப்பவர்கள் அக்காவும் அவள் கணவர் ஜோவும். ஜோ ஒரு கொல்லர். கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள், கல்லறைத் தோட்டத்தில், தப்பி ஓடிவந்த கைதி ஒருவர் பிப்பை மிரட்டிச் சாப்பாடும் அரமும் கேட்கிறார். பிப் வீட்டிலிருந்து திருடிக்கொண்டுபோய்க் கொடுக்கிறான். அப்புறம், கல்யாணத்தன்று ஏமாற்றப்பட்டு அதே கல்யாண உடையில் பல வருடங்களாக அடைந்து கிடக்கும் மிஸ் ஹாவிஷாம் வீட்டுக்குப் போகிறான். அங்கே அவர் வளர்க்கும் பெண் எஸ்டெல்லாவைப் பார்க்கிறான், ஜென்டில்மேன், அதாவது மேல்தட்டுக் கனவான், ஆக ஆசைப்படுகிறான். யாரோ பெயர் சொல்லாமல் பணம் கொடுக்க, லண்டன் போகிறான். கொடுத்தது மிஸ் ஹாவிஷாம் என்றே நம்புகிறான். உண்மையில் கொடுத்தவர் அந்தக் கைதி மேக்விட்ச்.

படி 1: முதலில் கதைக்காகப் படியுங்கள்

முதல் வாசிப்பில் குறிப்பு எடுக்காதீர்கள். இந்த நாவல் 1860 டிசம்பரிலிருந்து 1861 ஆகஸ்ட் வரை டிக்கன்ஸ் நடத்திய வார இதழில் தொடர்கதையாக வந்தது. மொத்தம் 59 அத்தியாயங்கள், மூன்று பாகங்கள். தொடர்கதை வாசகர்கள் அடுத்த வாரம் வரை காத்திருக்க வேண்டும் என்பதை மனதில் வைத்து எழுதியது. அதனால் தினமும் இரண்டு மூன்று அத்தியாயங்கள் என்று போனால் நாவலே உங்களை இழுத்துக்கொண்டு போகும். ப்ராஜெக்ட் குட்டன்பர்க் தளத்தில் முழு நாவலும் இலவசமாகக் கிடைக்கிறது.

ஜோவும் மேக்விட்ச்சும் பேசும் ஆங்கிலம் உங்களைத் தடுமாற வைக்கலாம். அவர்கள் உச்சரிக்கிற மாதிரியே டிக்கன்ஸ் எழுதியிருப்பார். அந்த இடங்களை வாய்விட்டுப் படியுங்கள், கண்ணுக்குப் பிடிபடாதது காதுக்குப் பிடிபடும். தெரியாத சொல் ஒவ்வொன்றுக்கும் அகராதியைத் திறக்க வேண்டாம். ஒரே சொல் திரும்பத் திரும்ப வந்து மறித்தால் மட்டும் பாருங்கள்.

படி 2: யார் சொல்கிறார் என்று கேளுங்கள்

புதிதாகப் படிக்கிறவர்கள் அதிகம் தவறவிடுவது இதைத்தான். கதையை 'நான்' என்று சொல்பவர் பிப். ஆனால் அனுபவிக்கும் பிப் சிறுவன், பிறகு இளைஞன். சொல்லும் பிப் நடுவயதைத் தொட்டவர். எல்லாம் நடந்து முடிந்த பிறகு திரும்பிப் பார்க்கிறார். ஒவ்வொரு காட்சியிலும் இந்த இரண்டு பேரும் இருக்கிறார்கள்.

27ஆம் அத்தியாயத்தைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். லண்டனில் வசதியாக இருக்கும் பிப்பைப் பார்க்க ஜோ வருகிறார். வளர்த்தவர் வருகிறார் என்று தெரிந்ததும் பிப்புக்குச் சந்தோஷம் வரவில்லை. காசு கொடுத்து அவரை வராமல் தடுக்க முடிந்திருந்தால் நிச்சயம் கொடுத்திருப்பேன் என்கிறான். இதைச் சொல்வது யார்? அன்றைய பிப் இதை யாரிடமும் வாய்திறந்து சொல்லியிருக்க மாட்டான். சொல்வது பெரியவர். தன்னைக் காப்பாற்றிக்கொள்ளாமல் சொல்கிறார்.

அடுத்து ஜோவின் தொப்பி. எங்கே வைப்பதென்று தெரியாமல் கணப்பு மேடையின் ஓரத்தில் வைக்கிறார். அது விழுகிறது, பிடிக்கிறார், மறுபடி விழுகிறது. வாசகர் சிரிக்கலாம். ஆனால் பிப் பொறுமை இழப்பதையும் கவனியுங்கள். பிப்பை 'சார்' என்று ஜோ அழைக்க ஆரம்பிப்பதையும் கவனியுங்கள். கடைசியில் கிளம்பும்போது ஜோ பேசும் சில வரிகள் நாவலின் மிக உயர்ந்த இடங்களில் ஒன்று. லண்டனில் நாம் இருவரும் சேர்ந்து நிற்க வேண்டியவர்கள் இல்லை, இந்த உடுப்பில் நான் தப்பாகத் தெரிகிறேன், என்னைக் கொல்லுப்பட்டறையில் சுத்தியலோடு பார்த்தால் இவ்வளவு குறை தெரியாது என்கிறார். அதுவரை தொப்பியோடு மல்லுக்கட்டிய மனிதர் ஒரே நிமிடத்தில் அந்த அறையிலேயே பெரியவராகிவிடுகிறார்.

உங்கள் நோட்டில் இப்படி எழுதுங்கள்: "அன்றைய பிப்புக்கு வெட்கம். சொல்லும் பிப்புக்குத் தன் வெட்கத்தின் மேல் வெட்கம்." இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளிதான் பிப் என்ற பாத்திரம்.

படி 3: குணத்தை விட்டுவிட்டுச் செயலை எழுதுங்கள்

'ஜோ நல்லவர்', 'எஸ்டெல்லா திமிர் பிடித்தவள்' என்று எழுதினால் அதற்கு மேல் போக வழியில்லை. ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, என்ன செய்தார், என்ன விலை கொடுத்தார் என்று மட்டும் எழுதுங்கள். மேக்விட்ச்சை எடுத்துக்கொள்வோம்.

முதல் அத்தியாயத்தில் அவர் பயங்கரமானவர். பையனைத் தலைகீழாகப் பிடிக்கிறார், ஈரலைப் பிடுங்கித் தின்பதாக மிரட்டுகிறார். 5ஆம் அத்தியாயத்தில் பிடிபட்டதும், கொல்லர் வீட்டில் சாப்பாடு திருடியது நான்தான் என்று தானாகவே சொல்கிறார். யாரும் கேட்கவில்லை. பிப் மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்காகச் சொல்கிறார். அதற்கு ஜோ, நீ என்ன செய்தாய் என்று தெரியாது, ஆனால் அதற்காக உன்னைப் பட்டினியால் சாக விட மாட்டோம் என்கிறார். இந்தச் சின்ன உரையாடலை அவசரத்தில் தாண்டிவிடாதீர்கள். நாவலின் பின்பாதி முழுக்க இதன் மேல்தான் நிற்கிறது.

39ஆம் அத்தியாயத்தில் மேக்விட்ச் திரும்பி வருகிறார். நாடு கடத்தப்பட்டுப் போன ஆஸ்திரேலியாவில் ஆடு மேய்த்துச் சம்பாதித்து, தான் கரடுமுரடாக வாழ்ந்து, பிப்பை ஜென்டில்மேன் ஆக்கியிருக்கிறார். இது தியாகம். ஆனால் நான் ஜென்டில்மேன் இல்லாவிட்டால் என்ன, ஒரு ஜென்டில்மேனுக்குச் சொந்தக்காரன் என்ற பொருளில் அவர் பெருமைப்படுகிறாரே, அதையும் எழுதுங்கள். அன்பும் பழிவாங்கலும் ஒரே செயலில் கலந்திருக்கின்றன.

இப்போது இன்னொரு பக்கத்தைப் புரட்டி மிஸ் ஹாவிஷாமைப் பாருங்கள். ஆண்களின் மனதை உடைப்பதற்காகவே எஸ்டெல்லாவை வளர்த்தவர் அவர். மேக்விட்ச், மிஸ் ஹாவிஷாம் இரண்டு பேரும் ஒரு குழந்தையைத் தங்கள் காயத்துக்கு மருந்தாக வளர்த்தவர்கள். இருவரையும் நாசமாக்கியது காம்பேசன் என்ற ஒரே ஆள், மிஸ் ஹாவிஷாமைக் கல்யாணத்தன்று ஏமாற்றியவன். அவனும் மேக்விட்ச்சும் ஒரே வழக்கில் நின்றபோது, படித்தவன் மாதிரி, கண்ணியமானவன் மாதிரி தெரிந்த காம்பேசனுக்கு 7 வருடத் தண்டனை, மேக்விட்ச்சுக்கு 14. பாத்திரங்களை இப்படி ஜோடியாக வைத்துப் பார்த்தால் கருப்பொருள் தானாக வெளியே வரத் தொடங்கும். மாளிகையும் சதுப்பு நிலமும் அடியில் ஒட்டிக்கொண்டுதான் இருக்கின்றன.

படி 4: திரும்பத் திரும்ப வரும் ஒன்றைப் பின்தொடருங்கள்

எனக்கு மிகவும் பிடித்த வேலை இது. நாவலில் அடிக்கடி தலைகாட்டும் ஒரு சாதாரணப் பொருளைத் தேர்ந்தெடுத்து, அது வரும் இடங்களை எல்லாம் அத்தியாய எண்ணோடு குறித்துக்கொண்டே போங்கள். இந்த நாவலில் நான் கைகளைத் தேர்ந்தெடுப்பேன்.

8ஆம் அத்தியாயத்தில் சீட்டு விளையாடும்போது எஸ்டெல்லா பிப்பின் கைகள் முரட்டுத்தனமாக இருப்பதாகக் கேலி செய்கிறாள். பிப் வெளியே வந்து தன் கைகளையே பார்க்கிறான். அதுவரை அவை அவனுக்கு ஒரு குறையாகத் தெரிந்ததில்லை. 18இல், சுத்தியல் பிடிக்கும் ஜோவின் கை பிப்பின் தோளில் அவ்வளவு மென்மையாக விழுகிறது. வக்கீல் ஜாகர்ஸ் கட்சிக்காரர்களைப் பார்த்து முடித்ததும் வாசனை சோப்புப் போட்டுக் கைகழுவுகிறார். அவர் வீட்டில் வேலை செய்யும் மாலியின் மணிக்கட்டைப் பிடித்து விருந்தாளிகளுக்குக் காட்டுகிறார், அதில் தழும்பு. பின்னால் 48இல், அதே மாலியின் விரல்கள் அசையும் விதத்தைப் பார்த்துத்தான் அவள் எஸ்டெல்லாவின் தாய் என்று பிப் கண்டுபிடிக்கிறான். பிப்பின் கையைக் கேலி செய்த பெண்ணின் கைகள் எங்கிருந்து வந்தன என்று பாருங்கள்! தந்தை யார் என்றால், மேக்விட்ச். 49இல் மிஸ் ஹாவிஷாமின் உடையில் தீப்பற்ற, அணைக்கப்போன பிப்பின் கைகள் வெந்துபோகின்றன.

இவற்றில் இரண்டு இடங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். 39இல் மேக்விட்ச் பிப்பின் இரண்டு கைகளையும் எடுத்து முத்தமிடுகிறார். பிப்பின் ரத்தம் உறைகிறது. 56இல், மரண தண்டனை விதிக்கப்பட்டு, காயத்தோடு சிறையில் சாகக் கிடக்கும் மேக்விட்ச்சிடம், உங்கள் மகள் உயிரோடு இருக்கிறாள், நான் அவளை நேசிக்கிறேன் என்று பிப் சொல்கிறான். மேக்விட்ச் கடைசி வலுவைத் திரட்டி பிப்பின் கையைத் தன் உதட்டுக்குக் கொண்டுபோகிறார். அதே இருவர், அதே செய்கை. மாறியிருப்பது பிப். இங்கே டிக்கன்ஸ் 'பிப் மனம் திருந்தினான்' என்று எழுத வேண்டிய தேவையே இல்லை.

படி 5: சொல்லை வாக்கியமாக்குங்கள்

இப்போது 'வர்க்கம்' என்ற ஒற்றைச் சொல்லுக்குத் திரும்பலாம். சேகரித்ததை வைத்து ஒரு வாக்கியம் எழுதுங்கள். என்னுடையது இது: "உழைத்த கையைப் பார்த்து வெட்கப்படக் கற்றுக்கொள்வதுதான் பிப் ஜென்டில்மேன் ஆகும் முதல் படி, அந்தக் கையை எல்லோர் முன்னாலும் பிடித்துக்கொள்வதில்தான் அவன் உண்மையிலேயே பெருந்தன்மை அடைகிறான்." எல்லோர் முன்னாலும் என்று எழுதியதற்கு ஆதாரம், நீதிமன்றத்தில் தீர்ப்புச் சொல்லும்போது பிப் மேக்விட்ச்சின் கையைப் பிடித்துக்கொண்டிருப்பது.

எழுதியதும் அதற்கு எதிரான சாட்சியைத் தேடுங்கள். ஹெர்பர்ட் பாக்கெட் நல்ல குடும்பத்தில் பிறந்தவர், பட்டறைப் பக்கமே போகாதவர், ஆனால் பிப்பின் தங்கமான நண்பர். மறுபக்கம், ஜோவின் பட்டறையிலேயே வேலை பார்க்கும் ஆர்லிக் கொடூரமானவன். அப்படியானால் உழைக்கும் கை எல்லாம் நல்ல கை என்று நாவல் சொல்லவில்லை. உங்கள் வாக்கியம் அப்படிச் சொன்னால் திருத்துங்கள். எதிர்ச் சாட்சியைச் சேர்த்து எழுதிய கட்டுரையைத்தான் நான் நம்பிப் படிப்பேன்.

படி 6: வரலாற்றை அளவோடு சேருங்கள்

காலத்தைப் பற்றிய தகவல், ஒரு காட்சியைத் திறந்து காட்டினால் மட்டும் வேண்டும். கதை நடக்கும் காலத்தில் ஆஸ்திரேலியாவுக்கு ஆயுளுக்கும் நாடு கடத்தப்பட்டவர் இங்கிலாந்து திரும்பினால் தூக்கு. இது தெரிந்தால்தான் 39ஆம் அத்தியாயத்தில் மேக்விட்ச் படியேறி வரும் காலடிச் சத்தத்தின் கனம் புரியும். பிப்பை ஒருமுறை பார்ப்பதற்காக உயிரைப் பணயம் வைத்து வருகிறார்.

டிக்கன்ஸின் வாழ்க்கையும் அப்படித்தான். 1824இல், அவருக்கு 12 வயது இருக்கும்போது, அப்பா கடனுக்காக லண்டனில் மார்ஷல்சீ சிறையில் அடைக்கப்பட்டார். சிறுவன் டிக்கன்ஸ் பூட் பாலிஷ் தயாரிக்கும் இடத்தில் வேலைக்குப் போனார். அந்த அவமானம் அவரை விட்டுப் போகவே இல்லை. பிப்பின் வெட்கம் ஏன் இவ்வளவு துல்லியமாக எழுதப்பட்டிருக்கிறது என்று யோசிக்க இது உதவும். அதற்காகப் பிப்தான் டிக்கன்ஸ் என்று எழுதிவிடாதீர்கள், அது நாவலைப் படிக்காமல் தப்பிக்கும் வழி.

செய்து பார்க்க

இந்த நாவலுக்கு இரண்டு முடிவுகள் உண்டு. முதலில் எழுதியதில் எஸ்டெல்லா மறுமணம் செய்துகொண்டு, லண்டன் தெருவில் பிப்பைச் சற்று நேரம் சந்தித்துப் பிரிகிறாள். நண்பரும் நாவலாசிரியருமான புல்வர் லிட்டன் சொன்னதைக் கேட்டு, டிக்கன்ஸ் அச்சுக்குப் போகும் முன் அதை மாற்றினார். அச்சான முடிவில் இருவரும் மிஸ் ஹாவிஷாமின் பாழடைந்த வீட்டிருந்த இடத்தில் சந்திக்கிறார்கள். பல பதிப்புகளில் பழைய முடிவு பின்னிணைப்பாக இருக்கும். இரண்டையும் படித்து, ஒவ்வொன்றிலும் கைகள் என்ன செய்கின்றன என்று எழுதிப் பாருங்கள். எந்த முடிவு நீங்கள் எழுதிய வாக்கியத்துக்குப் பொருந்துகிறது?

அது முடிந்ததும் இரும்பைத் தொடருங்கள். முதல் அத்தியாயத்தில் கைதியின் காலில் இருக்கும் விலங்கு, 5இல் ஜோ பழுதுபார்க்கும் கைவிலங்கு, 9ஆம் அத்தியாயத்தின் கடைசிப் பத்தியில் வரும் சங்கிலி, பிப்பின் அக்கா அடிபட்டுக் கிடக்கும் இடத்தில் கண்டெடுக்கப்படும் விலங்கு. அந்த விலங்கை அறுத்த அரத்தைக் கொடுத்தது யார் என்பதிலிருந்து தொடங்குங்கள்.