பழைய சுபாரு வாங்கப் போகிறீர்களா? வரலாற்றை வைத்து உரிமையாளர் பேச்சை எடை போடுவது எப்படி

1969-ல் அமெரிக்காவின் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் பத்திரிகை சுபாரு 360 என்ற ஜப்பானியக் குட்டிக் காரைச் சோதித்துவிட்டு 'ஏற்கத்தக்கதல்ல' என்று ஒரே போடாகப் போட்டது. அதே பத்திரிகை 2024 டிசம்பரில் வெளியிட்ட நம்பகத்தன்மைப் பட்டியலில் லெக்சஸ், டொயோட்டா இரண்டையும் பின்னுக்குத் தள்ளிவிட்டு சுபாரு முதலிடத்தில் நின்றது. சரி, இப்போது ஒரு பழைய சுபாரு வாங்கப் போகும் ஆள் இதில் எதை நம்புவது? என்னைக் கேட்டால் இரண்டையுமே அப்படியே நம்ப வேண்டாம். பிராண்டுக்குக் கிடைத்த மதிப்பெண் வேறு, உங்கள் முன்னால் நிற்கும் அந்த ஒரு கார் வேறு. நடுவில் இருப்பது இன்ஜினும் தயாரித்த வருடமும்.

இந்தக் கம்பெனியைப் பொறுத்தவரை ஒரு வசதி உண்டு. இது சில விஷயங்களில் பிடிவாதம் பிடித்த கம்பெனி. உரிமையாளர்கள் புகழ்வதும் திட்டுவதும் பெரும்பாலும் அதே பிடிவாதங்களிலிருந்துதான் கிளம்புகின்றன. அந்தப் பிடிவாதம் எது என்று தெரிந்துகொண்டால் எந்தக் கருத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்வது, எதைத் தள்ளிவிடுவது என்று தானாகவே பிடிபடும். அதனால் முதலில் வரலாறு.

விமானக்காரர்கள் செய்த கார்

1917-ல் நகஜிமா சிகுஹெய் என்ற முன்னாள் கடற்படைப் பொறியாளர் குன்மா மாகாணத்து ஓட்டாவில் தொடங்கிய விமானக் கம்பெனிதான் சுபாருவின் மூலம். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் ஜப்பான் விமானம் தயாரிக்கவே தடை வந்தது, கம்பெனியையும் துண்டு துண்டாக உடைத்தார்கள். கைத்தொழில் தெரிந்த ஆட்கள் இருந்தார்கள், செய்ய வேலைதான் இல்லை. ராபிட் என்ற ஸ்கூட்டர் செய்தார்கள், பஸ்ஸுக்குக் கூண்டு கட்டினார்கள். 1953-ல் சிதறிய துண்டுகளில் சில மறுபடி சேர்ந்து ஃபுஜி ஹெவி இண்டஸ்ட்ரீஸ் ஆயின. கம்பெனியின் பெயரே சுபாரு என்று மாறியது 2017 ஏப்ரலில்தான், அதுவரை அது காரின் பெயர் மட்டுமே.

1958-ல் வந்த 360 காரை உருவாக்கியவர்களின் தலைவர் மொமோசே ஷின்ரோகு, விமான இன்ஜின் வேலையிலிருந்து வந்தவர். 356 சிசி இன்ஜின் பின்பக்கம், மொத்த எடை 400 கிலோவுக்கும் குறைவு. ஜப்பானில் மக்கள் அதைப் பொன்வண்டு மாதிரி செல்லம் கொஞ்சினார்கள். 1968-ல் மால்கம் பிரிக்லின் என்ற வியாபாரி அதே காரை 1,297 டாலருக்கு அமெரிக்காவில் இறக்கினார். எடை ஆயிரம் பவுண்டுக்கும் குறைவு என்பதால் அங்கே இருந்த பாதுகாப்பு விதிகள் அதற்குப் பொருந்தவில்லை. பெரிய பெரிய கார்கள் பறக்கும் நெடுஞ்சாலையில், மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தை எட்ட அரை நிமிடத்துக்கு மேல் எடுத்துக்கொள்ளும் வண்டியை விட்டால் என்ன தீர்ப்பு வரும்? வந்தது. ஜப்பானின் குறுகலான தெருவுக்கு அது நல்ல கார்தான், போன இடம் தப்பு. ஒரு காரைப் பற்றிய கருத்தைப் படிக்கும்போது அதைச் சொன்னவர் எந்த மாதிரி சாலையில் ஓட்டுகிறார் என்று தேடிப் பார்க்கச் சொல்வது இதனால்தான்.

இரண்டு பெரிய பிடிவாதங்களும் அதற்குப் பிறகு வந்தவை. 1966-ல் சுபாரு 1000 என்ற காரில் நான்கு சிலிண்டரையும் நிமிர்த்தி வைக்காமல் இடப்பக்கம் இரண்டு, வலப்பக்கம் இரண்டு என்று படுக்க வைத்தார்கள். இதுதான் பாக்ஸர் இன்ஜின். எடை கீழே இருப்பதால் வளைவில் வண்டி சாயாமல் போகும், பிஸ்டன்கள் எதிரெதிரே ஓடுவதால் அதிர்வும் குறைவு. அடுத்தது நான்கு சக்கர ஓட்டம், அதாவது இன்ஜின் சக்தி நான்கு சக்கரத்துக்கும் போவது. பனி கொட்டும் வடகிழக்கு ஜப்பானில் மின்சாரக் கம்பெனி ஒன்று மலைப் பாதையில் போக ஜீப்பை விட வசதியான வண்டி கேட்டது, அதிலிருந்து தொடங்கிய வேலை 1972-ல் லியோன் நான்கு சக்கர ஓட்ட வேனாக விற்பனைக்கு வந்தது. அதுவரை அந்த வசதி பெரும்பாலும் முரட்டு வண்டிகளுக்குத்தான். சாதாரணக் குடும்பக் கார் அளவில் அதைத் தொடர்ந்து விற்றவர்கள் இவர்கள்.

1990-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் விற்பனை படுத்துவிட்டது. எஸ்விஎக்ஸ் என்ற விலை கூடிய கார் கையைக் கடித்தது. டொயோட்டா, ஹோண்டாவோடு எல்லா வாடிக்கையாளருக்கும் போட்டி போட முடியாது என்று முடிவுகட்டி, நான்கு சக்கர ஓட்டத்துக்குக் கூடுதல் காசு கொடுக்கத் தயாராக இருப்பவர்கள் யார் என்று தேடினார்கள். ஆசிரியர்கள், மருத்துவத் துறையினர், கணினித் துறையினர், மலையேறுகிறவர்கள், தன்பாலின ஈர்ப்புள்ள பெண்கள் என்று ஒரு பட்டியல் கிடைத்தது, விளம்பரத்தை அவர்களுக்கென்றே செய்தார்கள். அந்தக் காலத்தில் அது துணிச்சலான காரியம். ஆனால் வாங்கப் போகிற உங்களுக்கு இதில் வேறு ஒரு சேதி இருக்கிறது: சுபாரு உரிமையாளர்களில் பலர் தனக்கு என்ன வேண்டும் என்று தெரிந்து வாங்கியவர்கள். தெரிந்து வாங்கியவர் சீக்கிரம் குறை சொல்ல மாட்டார். பனியோ சேறோ பார்க்காத, தினமும் நகர நெரிசலில் மட்டும் ஓட்டுகிற ஒருவருக்கு அதே திருப்தி கிடைக்கும் என்று சொல்ல முடியாது. அவருக்கு மிஞ்சுவது கூடுதல் எடையும் கொஞ்சம் கூடுதல் பெட்ரோல் செலவும்தான்.

மதிப்பெண்ணைப் படிக்கும் விதம்

'உரிமையாளர் திருப்தி' என்ற ஒரே பெயரில் மூன்று நான்கு வேறு விஷயங்களை அளக்கிறார்கள். ஜே.டி.பவர் என்ற அமெரிக்க ஆய்வு நிறுவனத்தின் ஆரம்பத் தர ஆய்வு புதுக் கார் வாங்கிய முதல் 90 நாளைப் பற்றிக் கேட்கிறது. அதே நிறுவனத்தின் நீடித்த உழைப்பு ஆய்வு மூன்று வருடம் ஓடிய கார்களைப் பற்றியது. இரண்டிலும் 100 காருக்கு எத்தனை பிரச்சினை என்று கணக்கு, எண் குறைந்தால் நல்லது. இங்கே ஒரு கண்ணி இருக்கிறது: தொடுதிரை ஒழுங்காக வேலை செய்யவில்லை என்பதும் பிரச்சினை, கியர்பாக்ஸ் போய்விட்டது என்பதும் பிரச்சினை, இரண்டும் ஒன்று என்றுதான் எண்ணப்படும். ஆகவே மொத்த எண்ணை விட்டுவிட்டு, உள்ளே போய் இன்ஜின், கியர்பாக்ஸ், மின்சாரம் என்று பிரித்துத் தந்திருக்கிறார்களா என்று பாருங்கள். கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் நம்பகத்தன்மையைத் தனியாகவும், 'இதே காரை மறுபடி வாங்குவீர்களா' என்ற கேள்வியைத் தனியாகவும் வைத்திருக்கிறது. இரண்டுக்கும் இடையே பெரிய இடைவெளி தெரியும் கார்தான் சுவாரசியம். அடிக்கடி மெக்கானிக்கிடம் போனாலும் மறுபடி வாங்குவேன் என்கிறார்கள் என்றால் அது ஓட்டும் சுகத்துக்காக; உங்களுக்கும் அந்தச் சுகம்தான் வேண்டுமா என்று யோசியுங்கள்.

இன்னொன்று, இந்த எண்கள் புதுக் காரையோ சில வருடமே ஓடிய காரையோ பற்றியவை. 2024-ல் கிடைத்த முதலிடம் 2012-ல் செய்த சுபாரு ஃபாரஸ்டர் காருக்கு எந்தச் சான்றும் இல்லை. விற்பவர் அந்தப் பட்டியலைக் காட்டினால் சிரித்துவிட்டு பானட்டைத் திறக்கச் சொல்லுங்கள்.

தனி ஆட்களின் கருத்துகளில், வாங்கி ஆறு மாதம்கூட ஆகாதவர் எழுதியதை நான் படிப்பதே இல்லை, புகழாக இருந்தாலும் திட்டாக இருந்தாலும். ஒன்றரை லட்சம் கிலோமீட்டர் தாண்டியவர், எந்த இன்ஜின் என்று குறிப்பிட்டு, எப்போது எதை மாற்றினார் என்று எழுதியிருந்தால் அது தங்கம். ஒரே கோளாறை ஒருவரை ஒருவர் அறியாத பலர் ஒரே கிலோமீட்டர் அளவில் சொல்கிறார்களா என்று பாருங்கள், அப்படி வந்தால் அது ஒருவரின் துரதிர்ஷ்டம் இல்லை, வடிவமைப்பின் குறை.

எந்த இன்ஜின், எந்தத் தொல்லை

1990-களின் நடுவிலிருந்து சுமார் 2011 வரை வந்த 2.5 லிட்டர் ஈஜே25 இன்ஜின் பற்றி எங்கே படித்தாலும் ஹெட் கேஸ்கெட் (சிலிண்டர் ஹெட்டுக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் நடுவில் கசிவைத் தடுக்கும் தகடு) என்ற சொல் வரும். அது வெறும் வதந்தி இல்லை. 1996 முதல் 1999 வரையிலான இரட்டை கேம் (வால்வைத் திறக்கும் தண்டு பக்கத்துக்கு இரண்டு) இன்ஜினில் கசிவு உள்ளே நடக்கும்: எரிந்த வாயு இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் திரவத்துக்குள் புகுந்து வண்டி சூடேறும், கூலன்ட் டப்பாவில் குமிழி கிளம்பும். அதற்குப் பின் வந்த ஒற்றை கேம் இன்ஜினில் கசிவு பெரும்பாலும் வெளியே, சிலிண்டர் ஹெட்டும் பிளாக்கும் சேரும் இடத்தின் அடியில் எண்ணெயோ கூலன்ட்டோ மெல்லக் கசியும். இன்ஜின் படுத்திருப்பதால் அந்த இணைப்பின் கீழ் விளிம்பில் திரவம் தேங்குவது ஒரு காரணம், கிராஃபைட் பூசிய பழைய வகை கேஸ்கெட் இன்னொரு காரணம். பல அடுக்கு எஃகு கேஸ்கெட் போட்டு மாற்றியிருந்தால், ரசீது இருந்தால், அந்தக் கார் மாற்றாத காரை விட மேல். வண்டியைத் தூக்கி அடியிலிருந்து டார்ச் அடித்துப் பார்க்காமல் இந்த வயதுக் கார் எதையும் வாங்காதீர்கள். புதிதாகக் கழுவித் துடைத்த இன்ஜின் என்றால் இன்னும் சந்தேகப்படுங்கள்.

இதே இன்ஜின்களில், வால்வையும் பிஸ்டனையும் ஒரே தாளத்தில் ஓட வைக்கும் டைமிங் பெல்ட்டும் உண்டு. அமெரிக்க அட்டவணைப்படி 1,05,000 மைல், அதாவது ஏறக்குறைய 1.7 லட்சம் கிலோமீட்டரில் மாற்ற வேண்டும். அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும், அப்புறம் இன்ஜினே கைவிட்டுப் போகலாம். 'மாற்றியாச்சு' என்று வாயால் சொல்வதைக் கணக்கில் எடுக்க வேண்டாம், தேதியும் கிலோமீட்டரும் போட்ட ரசீது வேண்டும்.

2011 மாடல் ஃபாரஸ்டரில் தொடங்கிய எஃப்பி இன்ஜினில் பெல்ட்டுக்குப் பதில் சங்கிலி. கேஸ்கெட் தொல்லை குறைந்தது, பதிலாக எண்ணெய் குடிக்கும் தொல்லை வந்தது. பிஸ்டனைச் சுற்றியிருக்கும் வளையத்தின் (பிஸ்டன் ரிங்) விவகாரம். 2011 முதல் 2014 வரையிலான ஃபாரஸ்டர், 2012, 2013 இம்ப்ரெசா, 2013 லெகசி, அவுட்பேக் போன்றவற்றுக்காக அமெரிக்காவில் வழக்கு நடந்து, 2016-ல் உத்தரவாதத்தை நீட்டிக் கொடுத்து முடித்தார்கள். இந்த வருடத்துக் கார் பார்க்கப் போனால், விற்பவர் இன்ஜினை ஓட்டி வைக்கும் முன்பே எண்ணெய் அளவு காட்டும் டிப்ஸ்டிக்கை உருவிப் பாருங்கள், கடைசியாக எப்போது எண்ணெய் ஊற்றினீர்கள் என்று சும்மா பேச்சோடு பேச்சாகக் கேளுங்கள்.

இப்போதைய வகை சிவிடி, அதாவது படிப்படியாக இல்லாமல் தொடர்ச்சியாக விகிதம் மாற்றும் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ், அமெரிக்காவில் 2010 மாடலிலிருந்து. சிக்னலில் நிற்கப்போகும்போது உதறல், மெதுவாகக் கிளம்பும்போது தயக்கம் இருக்கிறதா என்று கவனியுங்கள். 2010 முதல் 2015 வரையிலான பல மாடல்களுக்கு அங்கே உத்தரவாதத்தைப் பத்து வருடம், ஒரு லட்சம் மைல் என்று நீட்டினார்கள், ஆக கம்பெனிக்கே தெரிந்த குறைதான். கையால் கியர் மாற்றும் வண்டி கிடைத்தால் இந்தக் கவலை இல்லை.

டபிள்யூஆர்எக்ஸ் என்ற வேகக் கார் வேறு ரகம். 1995, 96, 97 என மூன்று வருடம் தொடர்ந்து உலக ரேலி சாம்பியன்ஷிப்பில் தயாரிப்பாளர் பட்டம் வென்ற புகழ் அந்தக் காரின் விலையிலும் இருக்கிறது, முந்தைய உரிமையாளரின் வலது காலிலும் இருந்திருக்கும். கம்பெனி கொடுத்தபடி எதையும் மாற்றாமல் வைத்திருக்கும் வண்டியைத் தேடுங்கள். கிடைப்பது அரிது.

அப்புறம், சுபாரு என்று எழுதியிருப்பதெல்லாம் சுபாரு இல்லை. 2012-ல் சொந்தமாகக் கெய் கார் (ஜப்பானின் குட்டிக் கார் வகை) செய்வதை நிறுத்திவிட்டார்கள், அதன் பின் வந்த குட்டிக் கார்கள் டைஹாட்சு செய்தவை. சோல்டெரா மின்சாரக் கார் டொயோட்டாவின் பிஇசட்4எக்ஸ் காரின் இரட்டை. டொயோட்டா இப்போது சுபாருவில் சுமார் 20 சதவீதப் பங்கு வைத்திருக்கிறது. இந்த வண்டிகளுக்கு மேலே சொன்ன எதுவும் பொருந்தாது, அந்தந்த அசல் காரின் உரிமையாளர்கள் சொல்வதைப் படியுங்கள்.

நேரில் போகும் நாள்

முதலில் நான்கு டயரையும் பாருங்கள். ஒரே பிராண்டு, ஒரே அளவு, ஒரே அளவு தேய்மானம் இருக்க வேண்டும். நான்கு சக்கரமும் எப்போதும் சேர்ந்தே ஓடுவதால், ஒரு டயர் மட்டும் புதுசாகவும் மற்றவை தேய்ந்தும் இருந்தால் சுற்றளவு மாறி, நடுவில் இருக்கும் கிளட்ச் ஓயாமல் உரசிக்கொண்டே இருக்கும். பிறகு காலியான இடத்தில் ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பி மெதுவாக எட்டுப் போடுங்கள். வண்டி இழுத்து இழுத்து நின்றால், திணறினால், செலவு காத்திருக்கிறது.

முன்கண்ணாடிக்குப் பின்னால் இரண்டு கேமரா இருந்தால் அது ஐசைட், ஜப்பானில் 2008-ல் அறிமுகமான ஓட்டுநர் உதவி. முன்கண்ணாடியை எப்போதாவது மாற்றினார்களா என்று கேளுங்கள். மாற்றிய பின் கேமராவைச் சரிபார்த்துப் பொருத்தவில்லை என்றால் தானாகப் பிரேக் போடும் வசதியை நம்ப முடியாது. கண்ணாடி மாற்றும் செலவும் சாதாரணக் காரை விடக் கூடுதல், அதை விலை பேசும்போது நினைவில் வையுங்கள்.

கடைசியாக சேஸிஸ் எண்ணைக் குறித்துக்கொண்டு போய் ரீகால் (குறையைச் சரிசெய்யக் கம்பெனி திரும்ப அழைப்பது) பாக்கி இருக்கிறதா என்று தேடுங்கள். 2019-ல் பிரேக் விளக்கு சுவிட்சுக்காக மட்டும் உலகம் முழுவதும் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட கார்களைத் திரும்ப அழைத்தார்கள், காரணம் மெழுகு, அழகு சாதனம் மாதிரியான பொருட்களிலிருந்து வரும் சிலிகான் ஆவி. டகாட்டா கம்பெனி செய்த குறையுள்ள ஏர்பேக்குக்கான ரீகால் பாக்கி இருந்தால் அதைச் சரிசெய்து ரசீது காட்டிய பிறகே பணம் கொடுங்கள். அதிகாரப்பூர்வ சர்வீஸ் மையங்களில் ரீகால் வேலைக்குப் பொதுவாகக் காசு வாங்குவதில்லை, ஆகவே 'நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்' என்று விற்பவர் சொன்னால் ஏன் இத்தனை நாள் செய்யவில்லை என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.