போர்க்கள ஆம்புலன்ஸ் ஆய்வை எப்படிப் படிப்பது?

பெருந்துறைப் பக்கம் ஆம்புலன்ஸ் வேலைக்குப் படிக்கிற பசங்களுக்குப் பாடம் எடுக்கிறேன். ஒருத்தன் கேட்டான், "ஏனுங்க சார், சண்டை நடக்கற ஊர்ல வண்டி லேட்டாத்தானுங்க வரும், இதுல ஆராய என்னங்க இருக்குது?"

நல்ல கேள்வி. ஆனால் காகிதத்தில் வண்டி சீக்கிரம் வந்ததாகக்கூடத் தெரியலாம். போன் வந்த நிமிஷத்திலிருந்துதானே நேரத்தைக் கணக்குப் பண்ணுகிறோம்? டவர் விழுந்துவிட்டால் போனே வராது, செக்போஸ்டில் மறித்துத் திருப்பி அனுப்பினால் அந்த ட்ரிப் ரத்து என்று போய்விடும், மிச்சம் இருப்பதெல்லாம் பக்கத்துத் தெருவுக்குப் போய் வந்த ட்ரிப்தான். சராசரி அழகாக இருக்கும். ஆள் வீட்டிலேயே செத்திருப்பார்.

அதனால் சராசரியைப் பார்க்கும் முன் யாரை எண்ணினார்கள், யார் விட்டுப்போனார்கள் என்று தேடுங்கள். 2009 பிப்ரவரியில், இலங்கைப் போரின் கடைசி மாதங்களில், வன்னியில் புதுக்குடியிருப்பு ஆஸ்பத்திரி மேலேயே ஷெல் விழுந்தது. நோயாளிகளைப் புதுமாத்தளனுக்குக் கொண்டுபோனார்கள், அங்கிருந்து செஞ்சிலுவைக் கப்பலில் ஏற்றினார்கள். கப்பலில் ஏறியவருக்குப் பதிவு இருக்கும், வழியில் பதுங்குகுழியில் உயிர் போனவருக்கு எந்த நோட்டில் இருக்கும்?

ஈராக்கையும் பாருங்கள். 2003 மார்ச்சிலிருந்து 2006 நடுப்பகுதி வரை வன்முறையில் செத்தவர்கள் ஒரு ஆய்வில் ஏறக்குறைய 6 லட்சம், இன்னொன்றில் 1.5 லட்சம். இரண்டுமே வீடு வீடாகப் போய்க் கேட்டதுதான். கணக்கெடுப்பவர் எந்தத் தெருவுக்குப் போக முடியவில்லை, அந்த இடத்துக்கு என்ன எண்ணைப் போட்டார்கள் என்ற பக்கத்தை முதலில் புரட்டுங்கள், முடிவுரையை அப்புறம் படிக்கலாம்.

ஆஸ்பத்திரிக்கு வராதவரையும் எண்ணிய ஆய்வுதான் வேலைக்கு ஆகும். 2001 முதல் 2011 வரை ஈராக், ஆப்கானிஸ்தான் சண்டைகளில் இறந்த 4,596 அமெரிக்கப் படையினரைப் பற்றி ஒன்று உண்டு. அதில் 87 சதவீதம் பேர் ஆஸ்பத்திரி வாசலையே பார்க்கவில்லை. அவர்களில் கால்வாசிப் பேரைக் காப்பாற்றியிருக்க வாய்ப்பு இருந்தது, அந்தக் கால்வாசியிலும் பத்துக்கு ஒன்பது பேர் ரத்தம் போய்த்தான் செத்தார்கள். 2006இல் பாக்தாத்தில் இன்னொன்று: ரத்தம் போய் ஆள் துவண்டுபோகும் முன்னே டூர்னிகே பட்டை (கைகாலை இறுக்கி ரத்தத்தை நிறுத்தும் பட்டை) கட்டியவர்களில் 90 சதவீதம் பிழைத்தார்கள், துவண்ட பிறகு கட்டியவர்களில் 10 சதவீதம்தான்.

சரி, இதை அப்படியே நம்ம சேலம்–கோவை ரோட்டுக்குக் கொண்டுவரலாமா? பாதிதான் வரலாம். அங்கே அடிபட்டவன் இருபத்தைந்து வயசு, மார்புக்குக் கவசம், தலைக்கு ஹெல்மெட். இங்கே டிவிஎஸ் எக்ஸெல்லில் விழுந்தவர் அறுபது வயசு, சர்க்கரை உண்டு, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர், அடி தலையில். அவருக்குப் பட்டை எதுக்கு? மூச்சுவழியைப் பாருங்கள்.

ஆனால் பட்டறையில் மெஷினில் கை மாட்டி ரத்தம் பீய்ச்சினால் போர்க்களப் பாடம் அப்படியே பொருந்தும். முதலில் அழுத்திப் பிடியுங்கள். நிற்கவில்லையா, காயத்துக்கு இரண்டு மூன்று விரற்கடை மேலே, மூட்டு மேல் படாமல், பட்டையைக் கட்டுங்கள். பட்டை இல்லையென்றால் துண்டை அகலமாக மடித்துச் சுற்றி, முடிச்சில் ஒரு ஸ்பேனரைச் செருகி ரத்தம் நிற்கும்வரை முறுக்குங்கள். கத்துவார், வலி அப்படி. சணல் கயிறு, ஒயரெல்லாம் வேண்டாம், சதையை அறுத்துவிடும். கட்டிய நேரத்தை நெற்றியில் பேனாவால் எழுதுங்கள், டாக்டர் வரும்வரை அவிழ்த்துப் பார்க்காதீர்கள்.

அப்புறம் உங்கள் டிரிப் ஷீட். பந்த் அன்றைக்கோ தேர்க்கூட்டத்திலோ வண்டி நின்றுபோய் ட்ரிப் ரத்தானால் அதையும் எழுதுங்கள்: எந்த இடத்தில், எத்தனை மணிக்கு நின்றது, கடைசியில் அந்த ஆளை டாடா ஏஸில் போட்டுக் கொண்டுபோனார்களா, எந்த ஆஸ்பத்திரிக்கு.