இதய முகாமா? கால்களையும் பாருங்க

பல்லடம், சோமனூர்ப் பக்கம் முகாம் போட முதல் வேலை, தறிச்சத்தம் எட்டாத இடம் பிடிப்பது. அந்தச் சத்தத்தில் ஸ்டெதாஸ்கோப் வைத்துப் பயனில்லை. கல்யாண மண்டபம் போதும். கிழமை ஞாயிறாக இருக்கட்டும்; மற்ற நாளில் ஷிப்டுக்கு நடுவே மூச்சு வாங்க ஓடி வருவார்கள்.

வாசலில் டீ கேன் வைக்காதீர்கள். டீயோ பீடியோ முடிந்து அரைமணி கழித்துத்தான் பிரஷர் பார்க்க வேண்டும். டீயைக் கடைசி மேஜையில் வைத்தால், அளவு எழுதிய சீட்டு வாங்காமல் நழுவப் பார்க்கிறவரும் அங்கே நிற்பார்.

முதுகு சாய்த்து, பாதம் தரையில் பதித்து, பேசாமல் 5 நிமிஷம் உட்கார வையுங்கள். கை மேஜைமேல் நெஞ்சு மட்டத்தில் இருக்கட்டும். தொங்கவிட்டால் அளவு ஏறும். 22–32 செ.மீ. சுற்றளவுள்ள கைக்கான பிரஷர் பட்டை ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு முகாம் நடத்தாதீர்கள். பருத்த கையில் சின்னப் பட்டை கட்டினால், இல்லாத பிரஷரைக் காட்டும். ஒரு நிமிஷம் விட்டு இரண்டாம் முறை பாருங்கள். 140/90 தொட்டால் இன்னொரு நாள் மறுபடி பார்க்க வேண்டும். ஒரே நாளில் பிரஷர் என்று முத்திரை குத்த வேண்டாம். 180/120-ஐத் தாண்டி நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ இருந்தால் உடனே 108.

பெரும்பாலும் விட்டுப்போவது கால்தான். பீடி குடிக்கிறவர், சர்க்கரைக்காரர், 50 தாண்டியவர் எல்லாரிடமும் கேளுங்கள்: "ஏனுங்க, நடந்தா ஆடுசதை கடுக்குதுங்களா? சித்த நேரம் நின்னா விட்டுருதுங்களா?" ஆமாம் என்றால் வாதம் என்று தள்ளாதீர்கள், காலுக்குப் போகும் ரத்தக்குழாய் சுருங்கியிருக்கலாம். படுக்க வைத்து 10 நிமிஷம் கழித்து, கையிலும் கணுக்காலிலும் டாப்ளர் கருவியால் (ரத்த ஓட்டத்தைச் சத்தமாகக் கேட்கவைப்பது) பிரஷரின் மேல் அளவை எடுங்கள். கணுக்கால் அளவைக் கை அளவால் வகுக்க வேண்டும். கையில் 140, கணுக்காலில் 112 என்றால் 0.8. 0.9-ம் அதற்குக் கீழும் அடைப்பின் அறிகுறி. 1.4-க்கு மேல் வந்தாலும் மகிழ வேண்டாம். சர்க்கரைக்காரருக்குக் குழாய்ச் சுவரில் சுண்ணாம்பு படிந்து, பட்டைக்கு அமுங்காமல் நிற்கும்.

டாப்ளர் இல்லையா? பாதத்தின் மேற்புறமும் உள்கணுக்காலுக்குப் பின்னாலும் நாடி பாருங்கள். கட்டைவிரலால் தொட்டால் உங்கள் நாடியே துடிக்கும். ஆட்காட்டி விரலும் நடுவிரலும்தான் சரி.

சீட்டில் அளவு, தேதி, போகவேண்டிய ஆரம்ப சுகாதார நிலையம் மூன்றையும் எழுதி, அடிக்கட்டையை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். 15 நாளில் போகாதவர்களைப் பாருங்கள். போன் போட்டால் "போறனுங்க" என்பார்கள். வீட்டுக்கே போய்விடுவது மேல்.