மின்சார சைக்கிளும் பண்ணைக் காற்றும்

யாழ்ப்பாணம் மேடு பள்ளமற்ற நிலமாகையால் மின்சார சைக்கிளுக்கு ஏற்ற ஊர். இருந்தும் கடல்நீரேரியைக் கடக்கும் பண்ணைப் பாலத்தால் தீவுப் பக்கம் போகும்போது வீசும் எதிர்காற்று, ஏற்றத்தைப் போலவே பற்றரியைக் குடித்துவிடும். ஆகவே மோட்டாரின் உதவியைக் குறைத்து வைத்து, காலாலும் மிதித்து, திரும்பும் வழிக்கும் மின்னை மிச்சம் பிடித்துக்கொள்ள வேண்டும்.

அதிக கவனம் வேண்டியது பற்றரிக்கே. சித்திரை வெயிலில் ஓடி வந்தவுடன் சார்ஜரைச் செருகாமல், பற்றரியைக் கழற்றி விறாந்தை நிழலில் வைத்து, கை வைத்தால் சூடு தெரியாத அளவுக்கு ஆறிய பின்னரே மின்னேற்றுங்கள். வழக்கமான 36 வோல்ற் லித்தியம் அயன் பற்றரி முழுதாக ஏறும்போது 42 வோல்ற்றை எட்டும். எனவே அதற்குரிய சார்ஜரையன்றி வேறெதையும் பொருத்தக் கூடாது. மாதக்கணக்கில் ஓடாமல் நிறுத்துவதாயின் பாதியளவு மின்னுடன் வையுங்கள்.

கடற்கரை வீதியால் வந்த நாளில், நன்னீரில் நனைத்துப் பிழிந்த துணியால் சட்டகத்தையும் திருகாணிகளையும் துடைத்து, சங்கிலியை உலர்த்தி எண்ணெயிட வேண்டும். ஒருமுறை இதைத் தவறவிட்ட நான், பற்றரி செருகும் பித்தளை முனைகளில் பச்சைக் களிம்பு பூத்திருக்கக் கண்டேன். குழாய் நீரைச் சக்கர மோட்டாரின் மேல் பீய்ச்சவே வேண்டாம். பிறேக் கட்டைகளை மாதமொருமுறை பாருங்கள். பாரமான வண்டி என்பதால் அவை விரைவில் தேயும்.