நாலு பேர், பன்னிரண்டு புளியங்கொட்டை: வகுப்பில் கலந்துரையாடல் நடத்தும் முறை

என் எட்டாம் வகுப்பில் 44 பிள்ளைகள். இடைவேளையில் அவர்கள் பேசுகிற பேச்சு தலைமையாசிரியர் அறை வரைக்கும் கேட்கும். அதே பிள்ளையிடம் "எழுந்து நின்று உன் கருத்தைச் சொல்" என்றால் தலையைக் குனிந்துகொண்டு பெஞ்சின் ஓரத்தைச் சுரண்டும். இரண்டு பருவம் இதோடு மல்லுக்கட்டிய பிறகு எனக்குக் கைகொடுத்த முறையை இங்கே எழுதுகிறேன். தமிழ்ப் பாடவேளைக்காகச் செய்தது, சமூக அறிவியலுக்கும் அப்படியே பொருந்தும்.

தேவையானவை: இரண்டு மூன்று கைப்பிடி புளியங்கொட்டை, ஒரு சார்ட் தாள், சுவர்க் கடிகாரம். மைக் வேண்டாம். மைக்கைப் பார்த்ததும் பிள்ளைகளுக்குப் பேச்சுப்போட்டிக் குரல் வந்துவிடுகிறது. பேச்சுப்போட்டியைப் பேச்சுப் பயிற்சியாக நான் இப்போது எண்ணுவதில்லை. பெரும்பாலும் ஆசிரியர் எழுதிக் கொடுத்ததைப் பிள்ளை ஒப்பிக்கிறது, அவ்வளவுதான். பட்டிமன்றம் எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் தொடக்கத்தில் அது வேண்டாம். அணி பிரிந்தவுடன் எதிரணி சொல்வதைக் காதில் வாங்குவதே நின்றுபோகும்.

முதலில் குழு. நாலு பேருக்கு மேல் வைக்காதீர்கள். ஆறு பேர் இருந்தால் இரண்டு பேர் பேசுவார்கள், மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். பெஞ்சை நகர்த்தவும் வேண்டாம். முன் பெஞ்சில் இருப்பவர்கள் பின்பக்கம் திரும்பி உட்கார்ந்தால் போதும்.

அடுத்தது கேள்வி. "மரம் வளர்ப்பதன் நன்மைகள்" என்று கொடுத்தால் கட்டுரை ஏட்டில் இருப்பதை ஆளுக்கு ஒரு வரியாகச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள். அதில் பேசித் தீர்க்க ஒன்றுமே இல்லை. "புதிய வகுப்பறை கட்ட நம் மைதானத்து வேப்பமரத்தை வெட்டலாமா?" என்று கேட்டுப் பாருங்கள். நாலு பேரும் சேர்ந்து ஒரு முடிவுக்கு வந்தாக வேண்டும், காரணமும் சொல்ல வேண்டும். பிள்ளைகளுக்கு நேரில் தெரிந்த இடமாக இருப்பது முக்கியம்.

கேள்வியைக் கரும்பலகையில் எழுதியபின் ஒரு நிமிடம் யாரும் பேசக்கூடாது. ஆளுக்கு ஒரு காரணம் நோட்டில் எழுதட்டும். பிறகு பக்கத்தில் இருப்பவரிடம் மட்டும் இரண்டு நிமிடம், அதன்பின் நால்வரும். தனியே யோசி, இருவராகப் பேசு, பிறகு பகிர் என்ற இந்த வரிசையை அமெரிக்கக் கல்வியாளர் ஃபிராங்க் லைமன் 1981இல் முன்வைத்தார். அந்த ஒரு நிமிட அமைதியைச் சுருக்கிவிடாதீர்கள். கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருக்கிறார்கள் என்று மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் 1970களில் கண்டறிந்தார். அதை மூன்று விநாடியாக்கினாலே பதில்கள் நீளமாகின, பேசாத பிள்ளைகளும் பேசத் தொடங்கினார்கள்.

இனி நான் பெரிய தவறு செய்த இடம். குழுக்களுக்கு நடுவே நடந்துகொண்டே காதில் விழுந்ததையெல்லாம் திருத்திக்கொண்டிருந்தேன். ஒரு மாணவி, "அந்த மரத்தடியிலதான் சார் சத்துணவு சாப்பிடுறோம். அத வெட்டிட்டா நாங்க எங்க போய் உக்காருறது?" என்றாள். அன்றைக்கு வந்ததிலேயே வலுவான வாதம் அது. நானோ, "உக்காருறது இல்லம்மா, உட்காருவது" என்றேன். "உட்காருவது" என்று திருப்பிச் சொன்னாள். அப்புறம் அந்தப் பாடவேளை முடியும்வரை அவள் வாய் திறக்கவே இல்லை. அது இன்றைக்கும் எனக்கு வருத்தம்தான்.

நம் மொழியில் வீட்டில் பேசுவது ஒன்று, நோட்டில் எழுதுவது இன்னொன்று. காரணத்தையும் யோசித்து, எதிரில் இருப்பவன் சொன்னதற்குப் பதிலும் தேடி, கூடவே எல்லாவற்றையும் எழுத்துத் தமிழுக்கு மாற்று என்றால் பிள்ளை எதைத்தான் செய்யும்? பேசாமல் இருப்பதே பாதுகாப்பு என்று முடிவு செய்துவிடும்.

இப்போது இப்படிச் செய்கிறேன். குழுவுக்குள் பேசும் பத்து நிமிடமும் வீட்டுப் பேச்சுதான். நான் கரும்பலகைப் பக்கமே நின்று காதில் விழும் நல்ல வாக்கியங்களைக் குறித்துக்கொள்கிறேன். கடைசியில் அவற்றில் ஒன்றை, யார் சொன்னது என்று சொல்லாமல், கரும்பலகையில் எழுதுவேன். "அந்த மரத்தை வெட்டிவிட்டால் நாங்கள் எங்கே அமர்வது?" என்று வகுப்பே சேர்ந்து மாற்றும். இலக்கணப் பாடமும் அங்கேயே நடந்துவிடுகிறது.

புளியங்கொட்டை எதற்கு? ஆளுக்கு மூன்று. ஒருமுறை பேசினால் ஒன்றை நடுவில் வைக்க வேண்டும். மூன்றும் தீர்ந்தவர், மற்றவர்கள் வைத்து முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். அதிகம் பேசுகிற பிள்ளையை அதட்ட வேண்டிய தேவையே வருவதில்லை. கொட்டை சொல்லிவிடும். சார்ட்டில் நாலு வரி எழுதி மாட்டுங்கள்: "நீ சொல்றது சரி, ஆனா...", "எதனால அப்படிச் சொல்ற?", "இன்னொரு தடவை சொல்லு", "அவ சொன்னதோட இதையும் சேத்துக்கலாம்". மறுத்துப் பேசுவதைச் சண்டையாக எடுத்துக்கொள்ளும் பிள்ளைகளுக்கு இந்த வரிகள் ரொம்ப உதவுகின்றன.

முடிவைச் சொல்ல குழுத்தலைவர் வைக்காதீர்கள், எப்போதும் ஒரே பிள்ளைதான் எழுந்திருக்கும். நால்வருக்கும் எண் கொடுத்துவிட்டு, பேசி முடித்தபின் "மூன்றாம் எண்" என்று கூப்பிடுங்கள். அந்தப் பிள்ளை தன் கருத்தைச் சொல்லக்கூடாது. பக்கத்தில் இருப்பவர் சொன்ன காரணத்தை, இப்போது பொதுத் தமிழில், சொல்ல வேண்டும். முதல் வாரம் பாதிப் பேர் திணறுவார்கள், ஏனென்றால் கேட்டிருக்க மாட்டார்கள். மூன்றாவது வாரம் காது திறந்துவிடும். மதிப்பெண் மட்டும் போடாதீர்கள்.

பின்சேர்க்கை: இதைச் செய்துபார்த்த ஒரு ஆசிரியை, பிள்ளைகள் "ஆமா" என்று மட்டும் சொல்லிக் கொட்டையை வைத்துவிடுகிறார்கள் என்று எழுதியிருந்தார். என் வகுப்பிலும் அது நடந்தது. புதுக் காரணம் அல்லது ஒரு கேள்வி வந்தால்தான் கொட்டை செல்லும் என்று விதியை மாற்றினேன், சரியாகிவிட்டது.

இன்னொருவர் திக்கிப் பேசும் மாணவனைப் பற்றிக் கேட்டார். அவன் வாக்கியத்தை நாம் முடித்துக் கொடுக்கக்கூடாது, "மெதுவாப் பேசு" என்றும் சொல்லக்கூடாது. முகத்தைப் பார்த்தபடி காத்திருக்க வேண்டும். இதைக் குழுவில் உள்ள மற்ற மூவருக்கும் முன்கூட்டியே, அவன் இல்லாத நேரத்தில், சொல்லிவையுங்கள். எண் சொல்லிக் கூப்பிடும்போது அவன் முறை வந்தால், எழுந்து சொல்வதா, எழுதிக் கொடுப்பதா என்பதை அவனே முடிவு செய்யட்டும்.