பழைய காரின் பவர் ஸ்டீயரிங் பாக்ஸை ரீபில்ட் செய்யக் கொடுப்பது எப்படி: சாகினா 800 வகைக்கு ஒரு வழிகாட்டி

1960களிலும் 70களிலும் அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் தயாரித்த பின்சக்கர இயக்கக் கார்களில், செவர்லே இம்பாலா, செவெல், கமேரோ தொடங்கிப் பான்டியாக், பியூக், ஓல்ட்ஸ்மொபில் வரை, பவர் ஸ்டீயரிங்கோடு வாங்கியவர்களுக்குப் பெரும்பாலும் ஒரே குடும்பத்து ஸ்டீயரிங் பாக்ஸ்தான், அதாவது ஸ்டீயரிங்கின் சுழற்சியை முன்சக்கரங்களின் இணைப்புகளுக்குக் கடத்தும் பெட்டிதான், கிடைத்தது. மிச்சிகன் மாநிலத்துச் சாகினா நகரில் இருந்த ஸ்டீயரிங் பிரிவில் உருவானதால் அதற்குச் சாகினா 800 என்று பெயர். கனமான வார்ப்பிரும்பு உடலும் தாராளமான பேரிங்குகளும் கொண்ட அந்தப் பாக்ஸ், ஐம்பது ஆண்டு ஓடிய பிறகும் புதுப்பிக்கத் தகுந்த நிலையிலேயே பெரும்பாலும் இருக்கிறது.

ஆனால் ரீபில்ட் என்ற ஒரே சொல்லால் இரண்டு வேறு வேலைகளைக் குறிப்பிடுகிறார்கள். பாக்ஸைக் கழுவி, எண்ணெய் கசியாமல் தடுக்கும் சீல்களை மட்டும் மாற்றி, கறுப்புப் பெயின்ட் அடித்துத் தருவது ஒன்று. உள்ளே உள்ள ஒவ்வொரு தேய்மானப் பரப்பையும் அளந்து, தேய்ந்ததை மாற்றி, தளர்வு இல்லாதபடி பேரிங்குகளில் முன்கூட்டியே வைக்கும் இறுக்கமான முன்னிறுக்கத்தை, அதாவது மெக்கானிக்குகள் ப்ரீலோடு என்று சொல்வதை, கருவி வைத்து அமைத்துத் தருவது மற்றொன்று. என்னுடைய 1970 செவெல் காரின் பாக்ஸை முதலில் ரீபில்ட்டுக்கு எடுத்த பட்டறை செய்தது முதல் வகை வேலை. கசிவு நின்றது, ஆனால் வளைவில் திரும்பிய பின் ஸ்டீயரிங் தானாக நேருக்கு வரவில்லை, ஒவ்வொரு முறையும் நான் கையால் இழுத்து நேராக்க வேண்டியிருந்தது. பிறகு பிரித்துப் பார்த்தபோது, உள்தேய்மானத்தை மறைப்பதற்காகப் பற்களின் இறுக்கத்தை அமைக்கும் மேல் திருகை இறுக்கி வைத்திருந்தது தெரிந்தது. அந்த நிலை மற்றவர்களுக்கு வரக் கூடாது என்பதற்காகவே இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

பாக்ஸைக் கழற்றுவதற்கு முன் அது உண்மையிலேயே பழுதானதா என்று பார்த்துவிட வேண்டும். ஸ்டீயரிங்கில் தளர்வு இருக்கிறது, வண்டி சாலையில் அங்குமிங்கும் அலைகிறது என்றவுடன் எல்லோரும் பாக்ஸைத்தான் சந்தேகிக்கிறார்கள். ஆனால் ஸ்டீயரிங் சக்கரத்திலிருந்து இறங்கும் தண்டான ஸ்டீயரிங் காலத்தையும் (column) பாக்ஸையும் இணைக்கும் ரப்பர் துணித் தட்டு, சக்கரங்களுக்குப் போகும் இணைப்புகளான ஐட்லர் ஆர்ம், டை ராட் முனைகள், சேஸிஸில் பாக்ஸைப் பிடிக்கும் மூன்று போல்ட்டுகள் ஆகிய ஒவ்வொன்றும் அதே அறிகுறியைத் தரக்கூடியவை. உதவிக்கு ஒருவரை உட்காரவைத்து, எஞ்சினை ஓடவிட்டு, ஹேண்ட்பிரேக்கைப் போட்டு, ஸ்டீயரிங்கை இடமும் வலமுமாகச் சிறிதளவு ஆட்டச் சொல்லிவிட்டு, நீங்கள் முன்பக்கத்தில் குனிந்து ஒவ்வொரு இணைப்பாகப் பார்க்க வேண்டும். பாக்ஸுக்குள் நுழையும் தண்டு திரும்பியும், சக்கர இணைப்புகளை அசைக்கும் கையாகக் கீழே உள்ள பிட்மேன் ஆர்ம் அசையவில்லையென்றால் குற்றம் பாக்ஸில் உள்ளது. பிட்மேன் ஆர்ம் உடனுக்குடன் அசைந்தும் சக்கரம் தாமதித்தால் குற்றம் அதற்குப் பிந்திய இணைப்புகளில் உள்ளது. இந்தச் சோதனையை எஞ்சின் அணைந்திருக்கும்போது செய்யக் கூடாது. ஏனெனில் உள்தண்டுக்குள் ஒரு மெல்லிய முறுக்குக் கம்பி இருக்கிறது, எண்ணெய் அழுத்தம் இல்லாதபோது அது முறுகும் அளவு முழுவதும் தளர்வு போலவே கைக்குத் தெரியும்.

அந்த முறுக்குக் கம்பியைப் புரிந்துகொண்டால் மற்றவை எல்லாம் எளிதாகும். ஓட்டுநர் ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது கம்பி சற்றே முறுகி, அதைச் சூழ்ந்துள்ள வால்வைத் திறக்கிறது. பம்பிலிருந்து வரும் எண்ணெய் பிஸ்டனின் ஒரு பக்கத்துக்குப் பாய்ந்து அதைத் தள்ளுகிறது. அந்தப் பிஸ்டனுக்குள் திருகுபோன்ற வார்ம் தண்டின் சுருள் பள்ளங்களில் எஃகுக் குண்டுகள் ஓடுகின்றன. பிஸ்டனின் வெளியில் வெட்டப்பட்ட பற்கள், பாக்ஸிலிருந்து வெளியேறும் தண்டான செக்டர் ஷாஃப்ட்டைச் சுழற்றுகின்றன. அதன் கீழ்முனையில்தான் பிட்மேன் ஆர்ம் பொருந்துகிறது. ஆக, ஒரே உடலுக்குள் ஹைட்ராலிக் வேலையும் பற்சக்கர வேலையும் நடக்கின்றன. கசிவு முதலாவதன் நோய், தளர்வு இரண்டாவதன் நோய். சீல் மாற்றுவது தளர்வைப் போக்காது என்பதை இதிலிருந்தே அறியலாம்.

கசிவையும் சரியான இடத்தில் தேட வேண்டும். எண்ணெய் எங்கே சொட்டுகிறதோ அங்கேயே கசிவு எப்போதும் இருப்பதில்லை. மேலே உள்ள ஹோஸ் இணைப்பில் கசிந்தது உடல் முழுவதும் வழிந்து பிட்மேன் ஆர்மிலிருந்து சொட்டும். பாக்ஸைக் கிரீஸ் நீக்கியால் நன்றாகக் கழுவி உலர்த்தி, எஞ்சினை ஓடவிட்டு ஸ்டீயரிங்கை இருபுறமும் சில முறை திருப்பிய பின் டார்ச் அடித்துப் பார்த்தால் உண்மையான இடம் புலப்படும். கசிவை நிறுத்தும் மருந்து என்று விற்கப்படும் திரவத்தை ஊற்ற வேண்டாம். அது சீல்களை ஊதவைத்துச் சில மாதங்கள் ஏமாற்றிவிட்டு, பிறகு அவற்றை மென்மையாக்கிக் கெடுத்துவிடும்.

பாக்ஸ்தான் பழுது என்று உறுதியானபின், கொடுத்து மாற்றிக்கொள்ளும் முறையில் வேறொரு பாக்ஸை வாங்குவதா, உங்கள் பாக்ஸையே அனுப்பி அதையே திரும்பப் பெறுவதா என்ற கேள்வி எழும். என் கருத்தில் பழைய காருக்கு இரண்டாவதே சரியானது. வெளியிலிருந்து பார்த்தால் எல்லா 800 பாக்ஸும் ஒன்றுபோல இருக்கும். உள்ளே அப்படி அல்ல. சிலவற்றின் விகிதம் மாறாதது, சிலவற்றில் நடுவில் ஒரு விகிதமும் ஓரங்களில் விரைவான விகிதமும் உண்டு. முறுக்குக் கம்பியின் தடிமன் மாறினால் ஸ்டீயரிங்கின் கனம் மாறும். சக்கரம் இருபுறமும் எவ்வளவு திரும்பலாம் என்பதை உள்ளே உள்ள தடுப்பு தீர்மானிக்கிறது. வேறு காருக்கான பாக்ஸைப் பொருத்தினால் வண்டி திரும்ப வழக்கத்தைவிட அகன்ற இடம் கேட்கக்கூடும். 1970களின் இறுதியில் ஹோஸ் இணைப்புகளும் அங்குல அளவுக் கூம்பு முனையிலிருந்து மெட்ரிக் அளவு ஓ-ரிங் வகைக்கு மாறின, எனவே பிந்தைய பாக்ஸில் உங்கள் பழைய ஹோஸ் பொருந்தாது. அனுப்பும் முன் வார்ப்பில் உள்ள எண்களையும் மூடியில் உள்ள குறியீடுகளையும் பல கோணங்களில் படமெடுத்து வைத்துக்கொள்ளவும். திரும்பி வந்தது உங்கள் பாக்ஸ்தானா என்பதை உறுதிசெய்ய அதுவே ஆதாரம்.

கழற்றுவதில் அவசரம் கூடாத இடங்கள் சில உண்டு. முன்சக்கரங்களை நேராக வைத்து, ஸ்டீயரிங்கைக் கயிற்றால் கட்டி, உள்தண்டும் ரப்பர் தட்டும் சேரும் இடத்தில் அடையாளக் கோடு போடவும். ஹோஸ்களைக் கழற்றக் குழாய் நட்டுக்கு உரிய பிளவுள்ள ஸ்பேனர் வேண்டும். சாதாரணத் திறப்பு ஸ்பேனர் பழைய நட்டின் முனைகளை உருட்டிவிடும். பிட்மேன் ஆர்மின் நட்டு 1 5/16 அங்குல சாக்கெட் கேட்கும். நட்டு வந்தபின் ஆர்மைக் கழற்ற அதற்கென உள்ள இழுப்பானை மட்டுமே பயன்படுத்த வேண்டும். சுத்தியலால் அடித்தால் அந்த அடி செக்டர் ஷாஃப்ட் வழியாகப் பேரிங்குகளிலும் பற்களிலும் போய் இறங்கும், நல்ல பாக்ஸும் அங்கேயே கெட்டுவிடும். பாக்ஸ் இறங்கியதும் போல்ட் துளைகளைச் சுற்றி சேஸிஸில் விரிசல் உள்ளதா என்று கம்பி பிரஷ்ஷால் சுரண்டிப் பார்க்கவும்.

பட்டறையைத் தேர்ந்தெடுப்பதுதான் இந்த வேலையின் மையம். விலையையும் எத்தனை நாளில் கிடைக்கும் என்பதையும் கேட்கும் முன் வேலையைப் பற்றிக் கேட்க வேண்டும். வார்ம் பள்ளங்களிலும் பிஸ்டனின் உட்பள்ளங்களிலும் குழிவு உள்ளதா என்று பார்ப்பார்களா? குண்டுகளை அளந்து மாற்றுவார்களா? இந்தப் பாக்ஸில் கறுப்புக் குண்டும் வெள்ளிக் குண்டும் மாறி மாறி அமைகின்றன. கறுப்பு ஓர் அங்குலத்தில் பத்தாயிரத்தில் ஐந்து பங்கு சிறியது, இடைவெளி காப்பதற்காக வைக்கப்பட்டது. இந்த வேறுபாட்டைத் தயங்காமல் சொல்லும் மெக்கானிக் பாக்ஸைத் திறந்து வேலை பார்த்தவர் என்று நம்பலாம். செக்டர் ஷாஃப்ட்டில் சீல் உரசும் இடத்தில் துருக்குழியோ வளையத் தேய்மானமோ இருந்தால் என்ன செய்வார்கள் என்பது அடுத்த கேள்வி. அந்த இடத்தைச் சரிசெய்யாமல் புதிய சீல் போட்டால் அடுத்த மழைக்காலத்துக்குள் கசிவு திரும்பும். தண்டை மாற்ற வேண்டும், அல்லது உலோகம் ஏற்றிச் சாணைபிடிக்க வேண்டும். வால்வின் டெஃப்லான் வளையங்களும், செக்டர் ஷாஃப்ட்டின் ஊசி பேரிங்கும், பிஸ்டன் ஓடும் துளையின் நிலையும் அந்தப் பேச்சில் வர வேண்டும். வேலை முடிந்தபின் பாக்ஸை அழுத்தத்தில் ஓட்டிச் சோதிக்கும் மேசை அவர்களிடம் உள்ளதா என்றும் கேட்கவும். அந்தச் சோதனையில்தான் உட்கசிவும், ஒரு பக்கமாக இழுக்கும் வால்வும் தெரியவரும்.

எல்லாவற்றிலும் முக்கியமானது முன்னிறுக்கம். அதற்கு ஒரு வரிசை உண்டு. வரிசை மாறினால் எண்களுக்குப் பொருள் இல்லை. முதலில் வார்ம் தண்டின் பேரிங் இறுக்கம்: உள்தண்டுப் பக்கத்து மூடியை 20 அடி-பவுண்டு முறுக்குவிசைக்கு இறுக்கி, சுற்றளவில் அரை அங்குலம் பின்வாங்கி, அங்கேயே லாக் நட்டால் பூட்ட வேண்டும். அதன்பின் செக்டர் ஷாஃப்ட்டின் மேல் திருகு. இந்தப் பற்கள் நடுவில் மட்டும் இறுக்கமாகவும் இருபுறமும் தளர்வாகவும் இருக்குமாறே வெட்டப்பட்டுள்ளன, நேராக ஓடும்போது தளர்வு இருக்கக் கூடாது என்பதற்காக. எனவே பாக்ஸை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை சுற்றி எண்ணி, சரிபாதியில் நிறுத்தி, அங்குல-பவுண்டு காட்டும் முறுக்கு அளவியால் நடுவைக் கடக்கும்போது உள்ள தடையைப் படிக்க வேண்டும். பயன்படுத்திய பற்களுக்கு, மேல் திருகை இறுக்கும் முன் படித்த அளவைவிட 4 முதல் 5 அங்குல-பவுண்டு கூடுதலாகவும் மொத்தம் 14ஐத் தாண்டாமலும், புதிய பற்களுக்கு 4 முதல் 8 கூடுதலாகவும் மொத்தம் 18ஐத் தாண்டாமலும் இருக்க வேண்டும். உங்கள் ஆண்டின் சர்வீஸ் கையேட்டோடு ஒப்பிட்டபின், திருகை இறுக்கும் முன்னும் பின்னும் படித்த இரண்டு எண்களையும் பில்லில் எழுதித் தரும்படி பட்டறையிடம் கேளுங்கள். எழுதித் தரத் தயங்கும் பட்டறைக்குப் பாக்ஸை அனுப்ப வேண்டாம்.

வண்டியிலேயே வைத்து மேல் திருகைக் கால் சுற்று இறுக்கினால் போதும் என்ற அறிவுரையை நான் ஏற்பதில்லை. நடுப்பற்கள் தேய்ந்த பாக்ஸில் நடுவுக்கு இறுக்கினால் ஓரங்களில் பற்கள் கவ்வும். என் வண்டியில் நடந்தது அதுதான். அது வெறும் அசௌகரியம் அல்ல. வளைவிலிருந்து நேருக்குத் திரும்பாத ஸ்டீயரிங் வேகத்தில் ஆபத்தானது.

பாக்ஸ் திரும்பி வருவதற்குள் மற்றவற்றைத் தயார்செய்யலாம். பம்பின் தொட்டியைக் கழுவவும், அழுத்த ஹோஸைப் புதிதாக மாற்றவும், திரும்பும் வழியில் ஒரு சிறிய காந்த வடிகட்டியைப் பொருத்தவும். பழைய எண்ணெயில் மிதக்கும் உலோகத் தூளே புதிய வால்வின் முதல் எதிரி. ரப்பர் தட்டு விரிசல் விட்டிருந்தால் இப்போதே மாற்றிவிடுவது நல்லது.

பொருத்தும்போது பாக்ஸும் ஸ்டீயரிங் காலமும் நேர்கோட்டில் அமைய வேண்டும். போல்ட்டை இறுக்கி இழுத்து நேராக்கினால் உள்தண்டின் பேரிங் சாய்ந்த சுமையில் ஓடும். சேஸிஸ் போல்ட்டுகளுக்கு 70 அடி-பவுண்டு, பிட்மேன் நட்டுக்கு 185 என்பது இந்த வகைக்கு வழக்கமான அளவு.

காற்று வெளியேற்றுவதில் பொறுமை தேவை. முன்சக்கரங்களைத் தரையிலிருந்து தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, தொட்டியை நிரப்பி, எஞ்சினை ஓட்டாமலேயே ஸ்டீயரிங்கை முனைக்கு முனை இருபது தடவையாவது மெதுவாகத் திருப்பி, இடையிடையே எண்ணெய் ஊற்றவும். அதன்பின் எஞ்சினை ஓடவிட்டு மீண்டும் திருப்பலாம். எண்ணெய் பால்போல வெளுத்திருந்தால் அதில் காற்று கலந்துள்ளது; அணைத்துவிட்டு ஒரு மணி நேரம் காத்திருக்கவும். முனையில் தொட்டபடி ஐந்து விநாடிக்கு மேல் பிடித்து நிற்கக் கூடாது, பம்ப் அப்போது தன் முழு அழுத்தத்தில் தவிக்கும்.

கடைசியாக வீல் அலைன்மென்ட். பாக்ஸின் நடுவும் வண்டி நேராக ஓடும் நிலையும் ஒன்றாக இருந்தால்தான் இறுக்கமான பற்கள் நேர்ச்சாலையில் வேலைசெய்யும். எனவே முதலில் பாக்ஸை நடுவில் நிறுத்தி, டை ராட் குழல்களை இருபுறமும் திருப்பிச் சக்கரங்களை நேராக்கச் சொல்லவும். ஸ்டீயரிங் சக்கரத்தைக் கழற்றி நேராக மாட்டுவது குற்றத்தை மறைப்பது மட்டுமே. இந்தக் கார்களின் பழைய காஸ்டர் அளவுகள், அதாவது சக்கரம் திரும்பும் அச்சின் முன்பின் சாய்வுக்கான அளவுகள், அக்காலக் குறுக்கு நூல் டயர்களுக்கானவை. இன்றைய ரேடியல் டயர்களோடு ஓட்டுபவர்கள், ஷிம்கள் என்ற மெல்லிய தகடுகள் இடம் தரும் அளவுக்கு நேர்க் காஸ்டரை, அதாவது பின்னோக்கிய சாய்வை, கூட்டித் தரும்படி அலைன்மென்ட் செய்பவரிடம் கேட்கலாம். வளைவிலிருந்து நேருக்குத் திரும்புதல் அதனாலேயே கணிசமாக மேம்படும். முதல் நூறு மைல் ஓடியபின் ஒருமுறை தொட்டியின் அளவையும், சேஸிஸ் போல்ட்டுகளையும், பாக்ஸின் அடியில் வைத்த வெள்ளைக் காகிதத்தையும் பார்த்துவிடவும்.