கேபின் ஃபில்டர் மாற்றும்போது அம்புக்குறியைப் பாருங்கள்

வண்டியை எடுத்த நிமிடத்திலேயே ஏசி காற்று மந்தமாக வருகிறது, ஃபேனை 4-இல் வைத்தாலும் 2-இல் வைத்தது போலத்தான் இருக்கிறது. இந்தப் புகாரோடு போனால், "கேஸ் குறைஞ்சிருக்கும் சார், ஏத்திடலாம்" என்று சொல்லும் மெக்கானிக்குகள் உண்டு. கேஸ் குறைந்தால் முதலில் குறைவது குளிர்ச்சி. காற்றின் வேகமே குறைந்திருந்தால், கேஸுக்குப் பணம் கொடுக்கும் முன், காருக்குள் வரும் காற்றின் தூசியைப் பிடிக்கும் கேபின் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள். ஏசி ஃபில்டர் என்று கடைகளில் கேட்பதும் இதைத்தான். பல கார்களில் பத்து நிமிட வேலை, ஸ்க்ரூடிரைவர்கூடத் தேவைப்படாது. ஆனால் அந்தப் பத்து நிமிடத்தில் செய்யும் தவறுகள் ஒரு வருடம் கூடவே வரும்.

காற்று வரும் வழியை மனதில் வைத்துக்கொண்டால் முக்கால்வாசித் தவறுகள் நடக்காது. முன்கண்ணாடிக்குக் கீழே, வைப்பர் படுத்திருக்கும் இடத்தில் உள்ள பிளாஸ்டிக் சல்லடை வழியாக வெளிக்காற்று நுழைகிறது. பல கார்களில் கிளவ் பாக்ஸுக்குப் பின்னால் ஃபில்டர், அதற்கு அடியில் காற்றைத் தள்ளும் ஃபேனான புளோயர், அதைத் தாண்டி காற்றைக் குளிர்விக்கும் கூலிங் காயில், பிறகு டேஷ்போர்டில் காற்று வெளிவரும் ஜன்னல்கள். இந்த வரிசைதான் எல்லாவற்றுக்கும் அடிப்படை.

வாங்கும்போதே ஒரு குழப்பம் வரும். 'ஏர் ஃபில்டர்' என்று மட்டும் கேட்டால், பானட்டுக்குள் இருக்கும் எஞ்சின் ஃபில்டரை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். கேபின் ஃபில்டர் என்று சொல்லி, மாடலோடு தயாரிப்பு ஆண்டையும் சொல்லுங்கள். ஒரே பெயரில் வரும் கார் தலைமுறை மாறும்போது ஃபில்டர் அளவும் மாறியிருக்கலாம். கொஞ்சம் சின்னதாக இருந்தாலும் போதும், காற்று ஓரத்து இடைவெளி வழியாகவே போய்விடும். நடுவில் இருக்கும் ஃபில்டர் மாதக்கணக்கில் வெள்ளையாகவே இருக்கும். பெரியதை மடக்கித் திணித்தாலும் இதே கதிதான். சில பழைய கார்களிலும் அடிப்படை மாடல்களிலும் கம்பெனியே ஃபில்டர் வைக்காமல் இடத்தை மட்டும் விட்டிருக்கும். அதனால் வாங்குவதற்கு முன் திறந்து பார்த்துவிடுங்கள்.

கிளவ் பாக்ஸைக் காலி செய்த பிறகு, இரண்டு பக்கச் சுவரையும் உள்நோக்கி அமுக்கினால் பல கார்களில் அது கீழே இறங்கும். ஓரத்தில் மெல்லிய கயிறோ சின்னக் கம்பியோ பிடித்திருந்தால் அதை முதலில் கழற்ற வேண்டும். வெயிலில் வருடக்கணக்கில் நின்ற வண்டியின் பிளாஸ்டிக் பலத்துக்குப் பணியாது, உடையும். எங்கே சிக்கியிருக்கிறது என்று டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு இழுங்கள். மஞ்சள் நிற வயரோ கனெக்டரோ கண்ணில் பட்டால் அதன் பக்கமே கை போக வேண்டாம். பெரும்பாலும் அது ஏர்பேக்குக்குப் போவது.

வேப்பமரத்தடியிலோ புங்கமரத்தடியிலோ வண்டி நிறுத்துகிறவர்கள் இந்த இடத்தில் நிதானிக்க வேண்டும். பழைய ஃபில்டரின் மேல் சருகும் பூவும் மண்ணும் குவிந்திருக்கும். சில சமயம் எலி கொண்டுவந்த பஞ்சும் இருக்கும். வெடுக்கென்று இழுத்தால் அத்தனையும் கீழே புளோயருக்குள் விழும். சாய்க்காமல், கிடைமட்டமாக, மெதுவாக உருவுங்கள். காலியான இடத்தை வேக்யூம் கிளீனராலோ ஈரத்துணியாலோ துடைத்துவிடுங்கள். ஃபில்டர் இல்லாத நேரத்தில் 'ஓடுதா பார்க்கலாம்' என்று ஃபேனைப் போடவே கூடாது. வழியில் இருப்பதையெல்லாம் அது உள்ளே இழுத்துக்கொள்ளும்.

இப்போது அம்புக்குறி. ஃபில்டரின் ஓரத்தில் 'ஏர் ஃப்ளோ' என்று அம்பு போட்டிருந்தால் அது காற்று போகும் திசை. புளோயர் அடியில் இருக்கும் கார்களில் அம்பு கீழ்நோக்கி இருக்க வேண்டும். ஆனால் சில ஃபில்டர்களில் 'அப்' என்று எழுதி அம்பு போட்டிருப்பார்கள். அது எந்தப் பக்கம் மேலே வர வேண்டும் என்பதைச் சொல்வது, காற்றின் திசையை அல்ல. இரண்டையும் ஒன்றாக நினைத்துத் தலைகீழாக மாட்டிவிடுகிறார்கள்.

பழையது இருந்தபடியே போன் கேமராவில் படம் எடுத்து, அப்படியே மாட்டலாமே என்று தோன்றும். போன முறை மாட்டியவர் சரியாக மாட்டினார் என்பதற்கு என்ன உத்தரவாதம்? என் காரில் முதல் ஃபில்டரை உருவியபோது அழுக்கு அடைந்திருந்த பக்கத்தை நோக்கித்தான் அம்பு காட்டியது. அன்றிலிருந்து அழுக்கைத்தான் நம்புகிறேன். அழுக்குப் பக்கம் காற்று வந்த பக்கம், சுத்தமான பக்கம் அது போன பக்கம். புது ஃபில்டரின் காற்று அம்பு அழுக்குப் பக்கத்திலிருந்து சுத்தப் பக்கத்துக்குப் போக வேண்டும். இது ஒன்றைப் பார்த்தால் எந்தக் காராக இருந்தாலும் தவறு நேராது.

திசை மாறினால் என்ன கெட்டுவிடும் என்று கேட்கலாம். பல ஃபில்டர்களில் ஒரு பக்கம் பெரிய தூசியையும் அடுத்த அடுக்கு நுண்ணிய தூசியையும் பிடிக்கும்படி அமைத்திருப்பார்கள். திருப்பி மாட்டினால் நுண்ணிய அடுக்கு முதலிலேயே அடைத்துக்கொள்ளும், காற்று சீக்கிரம் மந்தமாகும்.

தட்டி, ஏர் கன் அடித்து, தண்ணீரில் அலசித் திரும்ப மாட்டும் பழக்கம் நம்மிடம் பரவலாக இருக்கிறது. சிக்கனம் நல்லதுதான், ஆனால் இங்கே அது பலிக்காது. காகிதம் போன்ற அந்த இழைகளில் பலவற்றில் மின்னேற்றம் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத தூசியை இழுத்துப் பிடிப்பது அதுதான். நனைத்தால் அந்தத் திறன் குறைந்துவிடும். ஏர் கன் இழைகளைக் கிழிக்கும். கருப்பாக வரும் கரி ஃபில்டரில் கரி வாசனையை ஒரு அளவுக்குத்தான் உறிஞ்சும், அலசினால் அந்தத் திறன் திரும்பாது. நனைந்ததைக் காயாமல் மாட்டினால் பூஞ்சை வேறு. துவைக்கலாம் என்று தயாரித்தவரே சொல்லியிருக்கும் ஃபில்டரை மட்டும் துவையுங்கள். மற்றதைப் பொதுவாக வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிடலாம். மண் ரோட்டில் ஓடுகிற வண்டிக்கு அதற்கு முன்பே தேவைப்படும்.

காற்று நன்றாக வருகிறதே என்று ஃபில்டரை எடுத்துவிட்டே ஓட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். தூசி அப்போது ஈரமான கூலிங் காயிலில் போய் ஒட்டும். அதைச் சுத்தம் செய்ய சில கார்களில் டேஷ்போர்டையே இறக்க வேண்டியிருக்கும். வீட்டில் குழந்தையோ ஆஸ்துமா உள்ளவரோ இருந்தால் இதைத் தயவுசெய்து செய்யாதீர்கள்.

மாட்டி முடித்ததும் ஃபேனை 1-இலிருந்து கடைசி எண் வரை ஒவ்வொன்றாக ஏற்றிக் கேளுங்கள். 'டிக் டிக்' என்று சத்தம் வந்தால் ஒரு சருகு உள்ளே விழுந்திருக்கிறது, நிறுத்திவிட்டு எடுங்கள். புது ஃபில்டர் போட்டும் ஊசல் வாடை போகவில்லை என்றால், ஃபில்டர் மேல் சென்ட் அடிக்க வேண்டாம். வாடை பெரும்பாலும் ஈரக் காயிலிலிருந்து வருவது. புழுக்கமான நாளில் ஏசி அரை மணி நேரம் ஓடிய பிறகு காருக்கு அடியில் தண்ணீர் சொட்டுகிறதா என்று குனிந்து பாருங்கள். சொட்டவில்லை, முன்சீட்டுக் காலடி விரிப்பும் ஈரமாக இருக்கிறது என்றால் காயிலில் சேரும் தண்ணீரை வெளியேற்றும் வடிகால் குழாய் அடைத்திருக்கலாம். மெக்கானிக்கிடம் போக வேண்டியது அதற்குத்தான்.